பொத்தானைக் கண்காணிக்கும் நிரலில் ஒரு கட்டளைவரி விருப்பத்தேர்வைச் சேர்ப்பது எப்படி?

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியைத் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஒரு பெட்டிக்குள் வைத்து ஓட்டுபவர்கள், அதை முறையாக அணைப்பதற்கென்று ஒரு பொத்தானைப் பொருத்திக்கொள்வது வழக்கம். மின்சாரத்தைத் திடீரென்று பிடுங்கினால், எஸ்டி கார்டில் அந்த நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகள் பழுதாகிவிடலாம். அதனால் ஒரு சிறு நிரல் பின்னணியில் இருந்தபடி பொத்தானைக் கவனித்துக்கொண்டே இருக்கும்; குறிப்பிட்ட நேரம் அழுத்திப் பிடித்ததும் இயங்குதளத்தை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும். பைத்தான் மொழியில் எழுதினால் இந்த நிரல் இருபது, முப்பது வரிகளைத் தாண்டாது. அந்த ‘குறிப்பிட்ட நேரம்’ நிரலுக்குள் 2 விநாடி என்று எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். நிரலைத் திறந்து திருத்தாமல், அதைத் தொடங்கும் கட்டளையிலேயே அந்த நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியை, அதாவது ஒரு கட்டளைவரி விருப்பத்தேர்வைச் சேர்ப்பதுதான் இங்கே நம் வேலை.

நிரலைத் திறந்து 2 என்பதை 5 ஆக்கிவிட்டால் போகிறது, இதற்கு ஒரு விருப்பத்தேர்வு எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு கணினி இருக்கும்வரை அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அதே நிரல் இரண்டாவது கணினிக்குப் போனதும் இரண்டு பிரதிகள் உருவாகிவிடுகின்றன. ஒன்றில் செய்த பிழைத்திருத்தம் மற்றதற்குப் போய்ச் சேர்வதில்லை. நிரல் வேறொருவர் எழுதியதாக இருந்தால், அவர் புதிய பதிப்பு வெளியிட்டு நீங்கள் அதை நிறுவும் அன்று உங்கள் 5 காணாமல் போய் மீண்டும் 2 வந்து உட்கார்ந்துகொள்ளும். குழந்தைகள் கைபடும் இடத்தில் இருக்கும் பெட்டிக்கு 5 விநாடி தேவைப்படலாம், பூட்டிய அலமாரிக்குள் இருப்பதற்கு ஒன்றே போதும். இடத்துக்கு இடம் மாறும் மதிப்பு நிரலுக்கு வெளியே இருப்பதே பொருத்தம்.

இந்த வேலை முழுவதையும் ஒரே ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்: விருப்பத்தேர்வைக் கொடுக்காதவருக்கு நிரல் நேற்று எப்படி நடந்துகொண்டதோ அப்படியே இன்றும் நடந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி எங்கெல்லாம் சத்தமில்லாமல் மீறப்படுகிறது என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

ஒரு சிறு குறிப்பு. நிரலில் வரும் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில், நூலக ஆவணத்தில் உள்ள பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டுடன் தட்ட வேண்டும்.

முதலில் இருப்பதைப் படியுங்கள்

கம்பி இணைப்பிலிருந்து தொடங்குவோம். நம் பொத்தானின் ஒரு முனை ஜிபிஐஓ 3க்கும் (நிரல் படிக்கவோ இயக்கவோ கூடிய பொதுப்பயன் பின்களில் ஒன்று) மறுமுனை கிரவுண்டுக்கும் (மின்சுற்றின் பூச்சிய முனை) போகிறது. நாற்பது பின்கள் கொண்ட வரிசையில் இவை 5ஆம் பின்னும் 6ஆம் பின்னும், அதாவது பக்கத்துப் பக்கத்துப் பின்கள். ஜிபிஐஓ 3ஐத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில், நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும் கணினியின் அந்தப் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்தால் கணினி மீண்டும் விழித்துக்கொள்ளும். ஆகவே ஒரே பொத்தான் அணைக்கவும் பயன்படுகிறது, எழுப்பவும் பயன்படுகிறது. 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் பலகையிலேயே பவர் பொத்தான் இருப்பதால் அங்கே இந்த ஏற்பாட்டுக்குத் தேவை குறைவு.

நிரலில் முக்கியமான வரிகள் மூன்றுதான். முதல் வரி, பின்களைக் கையாள ஏற்கனவே எழுதிவைத்த நிரல்தொகுப்பான ஜிபியோசீரோ நூலகத்தின் ‘பட்டன்’ என்னும் வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்குகிறது. அதற்குப் பின்னின் எண்ணாக 3ஐயும், பிடிக்க வேண்டிய நேரத்தைக் குறிக்கும் ‘ஹோல்ட்_டைம்’ என்னும் அளபுருவாக 2ஐயும் கொடுக்கிறது. இரண்டாவது வரி, அந்தப் பொருளின் ‘வென்_ஹெல்ட்’ என்னும் பண்பில், கணினியை அணைக்கும் நம் செயற்கூற்றின் (பெயரிட்டு வைத்த கட்டளைத் தொகுப்பின்) பெயரை வைக்கிறது. மூன்றாவது வரி, சிக்னல் கூறின் ‘பாஸ்’ செயற்கூற்றை அழைத்து, நிரல் முடிந்துபோகாமல் காத்திருக்கச் செய்கிறது. இரண்டாவது வரியில் செயற்கூற்றின் பெயர் மட்டும் இருக்கிறது, பின்னால் அடைப்புக்குறி இல்லை என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். அடைப்புக்குறி போட்டுவிட்டால் பொத்தானை யாரும் தொடுவதற்கு முன்பே, நிரல் அந்த வரிக்கு வந்த கணத்திலேயே கணினி அணைந்துவிடும். கணினி தொடங்கும்போதே இந்நிரலும் தொடங்கும்படி ஏற்கனவே அமைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் எழுந்தவுடன் அணையும் கணினியை மீட்க எஸ்டி கார்டைக் கழற்றி வேறொரு கணினியில் செருகித் திருத்த வேண்டியதாகிவிடும்.

அடுத்து, 2 என்னும் எண் நிரலில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். தொடக்கத்தில் பதிவேட்டில் (நிரல் தன் செயல்களைக் குறித்துவைக்கும் இடத்தில்) எழுதும் ‘இரண்டு விநாடி பிடித்தால் அணையும்’ என்ற செய்தியில் அது சொல்லாக ஒளிந்திருக்கலாம். பொத்தானை அழுத்தியிருக்கும்போது ஒரு எல்இடி விளக்கு மினுங்கும்படி எழுதியிருந்தால், எத்தனை முறை மினுங்க வேண்டும் என்ற கணக்கில் மறைந்திருக்கலாம். விருப்பத்தேர்வைச் சேர்த்தபின் ஓரிடம் 5 என்றும் மற்றோரிடம் 2 என்றும் சொன்னால், பிற்காலத்தில் பிழை தேடுபவருக்குப் பதிவேடே பொய் சொல்லும்.

பெயர், அலகு, இயல்பு மதிப்பு

ஒரு வரி எழுதுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை இந்த மூன்று. பெயருக்கு ‘--ஹோல்ட்-டைம்’ என்று வைக்கலாம். நூலகம் அதே பொருளில் பயன்படுத்தும் பெயரையே நாமும் வைத்தால், நிரலைப் படிப்பவருக்கு இரண்டையும் இணைத்துப் பார்ப்பது சுலபம். அலகும் நூலகத்தின் அலகான விநாடியாகவே இருக்கட்டும். மில்லிவிநாடி என்று வைத்தால் 5 என்று கொடுத்தவருக்கு, பொத்தானில் விரல் பட்ட மாத்திரத்தில் கணினி அணையும்.

‘-டி’ என்பது போன்ற ஓரெழுத்துச் சுருக்கமும் சேர்க்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை கொடுத்ததை, பலருடைய அமைப்புக் கோப்புகளில் அது ஏறிவிட்டபின், திரும்பப் பெற முடியாது.

விருப்பத்தேர்வைக் கொடுக்காதபோது நிரல் எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பில்தான் விதி முதன்முறையாக மீறப்படும் ஆபத்து இருக்கிறது. விருப்பத்தேர்வு கொடுத்திருந்தால் அந்த நேரத்தை ‘பட்டன்’ வகுப்புக்கு அனுப்பு, கொடுக்காவிட்டால் எதையும் அனுப்பாதே என்று எழுதுவது பார்வைக்குச் சரியாகவே தெரியும். ஆனால் எதையும் அனுப்பாவிட்டால் ஜிபியோசீரோ தன் சொந்த இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். அது 1 விநாடி. இதுவரை 2 விநாடி பிடிக்க வேண்டியிருந்த பொத்தான், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல், யாரும் கேட்காமல், பாதி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆகவே 2 என்பதை நிரலின் மேற்பகுதியில் ஒரு மாறிலியாக ஒரே இடத்தில் எழுதி, விருப்பத்தேர்வின் இயல்பு மதிப்பாக அந்த மாறிலியையே கொடுத்து, ‘பட்டன்’ வகுப்புக்கு எப்போதும் ஒரு மதிப்பு போய்ச் சேரும்படி செய்யுங்கள்.

ஆர்க்பார்ஸைச் சேர்த்தல்

பயனர் கட்டளையில் தட்டுவதைப் பிரித்துப் படிக்க, பைத்தானோடு கூடவே வரும் ‘ஆர்க்பார்ஸ்’ நூலகமே போதும், 3.2 பதிப்பிலிருந்து அது பைத்தான் 3இன் பகுதியாக இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ‘ஆர்க்யுமென்ட்பார்சர்’ வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்கி, நிரல் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பிறகு அதன் ‘ஆட்_ஆர்க்யுமென்ட்’ முறையை அழைத்து, விருப்பத்தேர்வின் பெயரையும், வகையாக ‘ஃபுளோட்’ (தசம எண்) என்பதையும், இயல்பு மதிப்பாக நம் மாறிலியையும், உதவிக் குறிப்பையும் கொடுங்கள். கடைசியாக ‘பார்ஸ்_ஆர்க்ஸ்’ முறையை அழைத்தால், பயனர் தட்டியதெல்லாம் பிரித்தெடுக்கப்பட்டு ஒரு பொருளாகத் திரும்பி வரும். கட்டளையில் சிறு கோட்டோடு எழுதும் ‘ஹோல்ட்-டைம்’, நிரலுக்குள் அடிக்கோட்டோடு ‘ஹோல்ட்_டைம்’ என்ற பண்பாக மாறியிருக்கும். பைத்தானில் சிறு கோடு கழித்தல் குறி என்பதால் ஆர்க்பார்ஸ் தானாகவே இந்த மாற்றத்தைச் செய்துவிடுகிறது. அந்தப் பண்பை எடுத்து, முன்பு 2 இருந்த இடங்களில் எல்லாம் வையுங்கள்.

இந்த வரிகளை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். பின்னைத் திறப்பதற்கு முன்பே கட்டளைவரியைப் படித்து முடித்துவிட வேண்டும். ‘--ஹெல்ப்’ என்று கேட்பவர் பெரும்பாலும் நிரல் ஏற்கனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில்தான் கேட்பார். பின்னைத் திறக்கும் வரி முதலில் இருந்தால், அந்தப் பின்னை ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிடித்துவைத்திருப்பதால், உதவிக் குறிப்புக்குப் பதிலாக நீண்ட பிழைச்செய்தி ஒன்று அவர் முகத்தில் வந்து விழும். பின்களே இல்லாத மடிக்கணினியில் படித்துப் பார்க்க நினைப்பவருக்கும் அதே கதிதான்.

ஆர்க்பார்ஸில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு வழக்கமும் உண்டு. நீண்ட பெயரை முழுதாகத் தட்டாமல், வேறொன்றோடு குழம்பாத அளவுக்கு முற்பகுதியை மட்டும் தட்டினாலும் அது ஏற்றுக்கொள்ளும். ‘--ஹோல்ட்’ என்று நிறுத்திக்கொண்டாலும் நிரல் ஓடும். யாரோ ஒருவர் தம் அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதிவைத்துவிடுகிறார் என்று கொள்வோம். ஓராண்டு கழித்து நீங்கள் ‘--ஹோல்ட்-ரிப்பீட்’ என்று இன்னொரு விருப்பத்தேர்வைச் சேர்த்தால், ‘--ஹோல்ட்’ எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை என ஆர்க்பார்ஸ் மறுத்துவிடும். நீங்கள் தொடாத ஒன்று அவருக்கு உடைந்துபோகும். ‘ஆர்க்யுமென்ட்பார்சர்’ பொருளை உருவாக்கும்போதே ‘அலவ்_அப்ரீவ்’ என்பதைப் பொய் (ஃபால்ஸ்) என்று அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பிறக்கவே பிறக்காது. நிரலில் முதல் விருப்பத்தேர்வைச் சேர்க்கும் நாள்தான் இதைச் செய்வதற்கு ஏற்ற நாள். சுருக்கி எழுதும் பழக்கம் அதுவரை யாருக்கும் ஏற்பட்டிருக்க வாய்ப்பில்லை.

எந்த எண்ணை ஏற்பது, எதை மறுப்பது

புதியவர்கள் வகையை ‘ஃபுளோட்’ என்று கொடுத்ததோடு வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள். ‘ஐந்து’ என்று எழுத்தில் தட்டினால் அது மறுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பூச்சியத்தையும் கழித்தல் எண்ணையும் ‘ஃபுளோட்’ ஏற்கும். முடிவிலியைக் குறிக்கும் ‘இன்ஃப்’ என்னும் சொல்லையும், எண்ணே அல்ல என்பதைக் குறிக்கும் ‘நேன்’ என்னும் சொல்லையும்கூட அது முறையான எண்ணாகவே கருதும். பூச்சியம் கொடுத்தால் பொத்தானை உரசினாலே கணினி அணையும். கழித்தல் எண்ணை ஜிபியோசீரோ மறுக்கும்; ஆனால் மறுப்பு நூலகத்தின் உள்வரிகள் எல்லாம் தெரியும் நீண்ட பிழைத்தடமாக வரும், பயனருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது.

ஆகவே வகை என்ற இடத்தில் ‘ஃபுளோட்’ என்பதற்குப் பதிலாக நாமே எழுதிய ஒரு சிறு செயற்கூற்றைக் கொடுக்க வேண்டும். அது பயனர் தட்டிய சரத்தை (எழுத்துத் தொடரை) வாங்கி, எண்ணாக மாற்றி, எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் எண்ணைத் திருப்பித் தரும். இல்லையென்றால் ஆர்க்பார்ஸின் ‘ஆர்க்யுமென்ட்டைப்எரர்’ என்னும் விதிவிலக்கை (பிழை அறிவிப்பை), நாம் எழுதிய செய்தியோடு எழுப்பும். எல்லையாக 0.5 முதல் 30 விநாடி வரை வைக்கலாம்: அரை விநாடிக்குக் கீழே போனால் தற்செயலான தொடுகைக்கும் வேண்டுமென்றே அழுத்துவதற்கும் வேறுபாடு தெரியாது, அரை நிமிடத்துக்கு மேல் ஒரு பொத்தானை யாரும் பிடித்துக்கொண்டு நிற்கப்போவதில்லை.

சோதனையை எழுதும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘0.5க்குக் குறைவு அல்லது 30க்கு அதிகம் என்றால் மறு’ என்று எழுதினால் ‘நேன்’ அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ஏனென்றால் அதோடு செய்யும் பெரிது, சிறிது ஒப்பீடுகள் எல்லாமே பொய் என்றுதான் முடியும். குறைவும் இல்லை, அதிகமும் இல்லை, ஆகவே மறுப்பும் இல்லை. ‘0.5க்கும் 30க்கும் இடையில் இல்லை என்றால் மறு’ என்று திருப்பி எழுதினால், இடையில் இருப்பதாகவும் அதனால் சொல்ல முடியாது என்பதால் ‘நேன்’ வெளியிலேயே நின்றுவிடும். பார்ப்பதற்கு ஒன்றே போலத் தோன்றும் இவ்விரு வாக்கியங்களில் இரண்டாவதைத்தான் எழுத வேண்டும்.

பிழைச்செய்தியையும் உதவிக் குறிப்பையும் தமிழிலேயே எழுதலாம். பைத்தான் 3இன் சரங்கள் யுனிகோடு என்பதால் தடை எதுவும் இல்லை. ‘தவறான மதிப்பு’ என்று மட்டும் சொல்லாமல், ‘நேரம் 0.5 முதல் 30 விநாடிக்குள் இருக்க வேண்டும்; நீங்கள் கொடுத்தது 300’ என்று சொன்னால், மில்லிவிநாடி என்று நினைத்துத் தட்டியவருக்குத் தம் தவறு உடனே புரிந்துவிடும். உதவிக் குறிப்பில் ‘பொத்தானை எத்தனை விநாடி அழுத்திப் பிடித்தால் கணினி அணைய வேண்டும்’ என்று எழுதி, அதன் பின்னே இயல்பு மதிப்பும் தானாக வந்து நிற்கும்படி செய்யுங்கள். சதவீதக் குறிக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ‘டிஃபால்ட்’ என்றும் அதையடுத்து ‘எஸ்’ என்றும் எழுதினால், ஆர்க்பார்ஸே அந்த இடத்தில் மதிப்பை நிரப்பிவிடும். இதே காரணத்தால், உதவிக் குறிப்பில் சதவீதக் குறியைச் சதவீதமாகவே காட்ட வேண்டியிருந்தால் அதை இரட்டையாகத் தட்ட வேண்டும்.

ஆம், இல்லை என்னும் வகை விருப்பத்தேர்வு

சோதிப்பதற்கு வசதியாக ‘--டிரை-ரன்’ என்று இன்னொன்றையும் சேர்க்கலாம். அதைக் கொடுத்தால் நிரல் கணினியை அணைக்காமல், ‘இப்போது அணைத்திருப்பேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடர்ந்து ஓடும். இதற்கு மதிப்பு எதுவும் தேவையில்லை, பெயரைக் கொடுத்தாலே போதும். வகையை ‘பூல்’ (மெய் அல்லது பொய்) என்று கொடுக்கும் ஆசை இங்கே பலருக்கும் வரும். வெற்றுச் சரம் தவிர எந்தச் சரமும் பைத்தானுக்கு மெய்தான் என்பதால், ‘ஃபால்ஸ்’ என்று தட்டினாலும் மெய் என்றே முடியும். வகையைக் குறிப்பிடாமல், ‘ஆக்ஷன்’ என்னும் அளபுருவில் ‘ஸ்டோர்_ட்ரூ’ என்று கொடுப்பதே சரியான வழி.

கணினியை அணைக்காமல் சோதித்தல்

முதற்கட்டச் சோதனைக்கு ராஸ்பெரி பையே தேவையில்லை. ‘ஜிபியோசீரோ_பின்_ஃபாக்டரி’ என்னும் சூழல் மாறியை (இயங்குதளம் நிரலுக்கு அளிக்கும் அமைப்பு மதிப்பை), அனைத்தும் பெரிய எழுத்தில், ‘மாக்’ என்ற மதிப்போடு அமைத்துவிட்டு மடிக்கணினியில் நிரலை ஓட்டினால், நூலகம் உண்மையான பின்களைத் தேடாமல் போலிப் பின்களை உருவாக்கிக்கொள்ளும். முதலில் எந்த விருப்பத்தேர்வும் கொடுக்காமல் ஓட்டி, பதிவுச்செய்தி 2 என்று சொல்கிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதுவே முக்கியமானது. பிறகு 5 கொடுங்கள், இடைவெளி விட்டும் சமக்குறி போட்டும் இரண்டு விதமாகவும் கொடுங்கள். அதன்பின் பூச்சியம், கழித்தல் 3, ‘நேன்’, ‘ஐந்து’, 300 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஒழுங்கான மறுப்பு வருகிறதா என்று பாருங்கள். கட்டளைவரியை ஏற்க முடியாதபோது ஆர்க்பார்ஸ் நிரலை 2 என்னும் வெளியேற்றக் குறியீட்டோடு முடிக்கும். நம் விநாடிக் கணக்கான 2க்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடுத்து உண்மையான பொத்தான். பின்னணியில் ஓடும் பழைய நிரலை முதலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் அந்தப் பின் உங்கள் கைக்குக் கிடைக்காது. பிறகு ‘--டிரை-ரன்’ போட்டு, நேரத்தை 5 என்று கொடுத்து ஓட்டுங்கள். மூன்று விநாடி பிடித்து விட்டுவிட்டால் ஒன்றும் நடக்கக் கூடாது. ஐந்தாவது விநாடியில் செய்தி வர வேண்டும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து இணைந்திருப்பவர்கள் ‘--டிரை-ரன்’ இல்லாமல் சோதித்தால், கணினியோடு இணைப்பும் போய்விடும், அதை மீண்டும் எழுப்பப் பொத்தானருகே ஓர் ஆள் வேண்டும்.

சிஸ்டம்டி சேவையில் புதிய மதிப்பைக் கொடுத்தல்

நிரலைக் கையால் யாரும் தினந்தோறும் ஓட்டப்போவதில்லை. கணினி எழும்போது, லினக்ஸில் பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதைச் சேவையாகத் தொடங்கும். ஆகவே விருப்பத்தேர்வு கடைசியில் போய் உட்காரும் இடம் சேவைக் கோப்பின் ‘எக்ஸெக்ஸ்டார்ட்’ வரிதான். மூலக் கோப்பைத் தொடாமல், ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ என்னும் கட்டளையோடு சேவையின் பெயரைக் கொடுத்தால், மேல்கோப்பு ஒன்று திறக்கும். அதில் எழுதுவது மூலக் கோப்பின்மேல் படிந்து செயல்படும். அங்கே ‘சர்வீஸ்’ பகுதித் தலைப்பை எழுதி, அதன்கீழ் முதலில் சமக்குறிக்குப் பின் எதுவுமில்லாத வெற்று ‘எக்ஸெக்ஸ்டார்ட்’ வரி ஒன்றும், அடுத்து முழுக் கட்டளையோடு கூடிய ‘எக்ஸெக்ஸ்டார்ட்’ வரியும் எழுத வேண்டும். வெற்று வரி பழைய கட்டளையை அழிக்கிறது. அதை எழுத மறந்தால் ஒரே சேவைக்கு இரண்டு கட்டளைகள் இருப்பதாக எடுத்துக்கொண்டு, சிஸ்டம்டி சேவையைத் தொடங்கவே மறுத்துவிடும். சேமித்து வெளியே வந்ததும் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ‘சிஸ்டம்சிடிஎல் கேட்’ கட்டளை மூலக் கோப்பையும் மேல்கோப்பையும் சேர்த்துக் காட்டும். நாம் எழுதியது ஏறியிருக்கிறதா என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவேட்டை ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் ‘-யு’ போட்டுச் சேவையின் பெயரைக் கொடுத்துப் படியுங்கள். சேவை ஓடிக்கொண்டிருந்தும் தொடக்கச் செய்தி அங்கே வரவில்லை என்றால் திகைக்க வேண்டாம். முனையத்தில் ஓடாதபோது பைத்தான் தன் வெளியீட்டை உடனுக்குடன் அனுப்பாமல் சேர்த்துவைத்துக்கொண்டு, அளவு நிறைந்ததும்தான் அனுப்பும். நம் நிரலோ நாளுக்கு ஒரு வரிகூட எழுதாத நிரல். ‘பிரிண்ட்’ அழைப்பில் ‘ஃபிளஷ்’ என்பதை மெய்யாக்கினால் செய்தி உடனே வந்துவிடும். எந்த மதிப்போடு ஓடுகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியாக எழுதும் வழக்கத்தைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐந்து விநாடி கொடுத்தும் இரண்டிலேயே அணைகிறது’ என்று ஒருவர் கேட்கும்போது, அந்த ஒரு வரி பாதி விசாரணையை முடித்துவிடும்.

சேவைக் கோப்பில் ‘தோல்வியடைந்தால் மறுபடி தொடங்கு’ என்ற அமைப்பு இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவறான மதிப்பை எழுதிவிட்டால் நிரல் உடனே 2 என்னும் குறியீட்டோடு முடியும், சிஸ்டம்டி மீண்டும் தொடங்கும், மீண்டும் முடியும். வேறு அமைப்பு இல்லையென்றால் பத்து விநாடிக்குள் ஐந்து முறை தொடங்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். கட்டளைப் பிழை மறுபடி ஓட்டுவதால் சரியாகாது என்பதால், ‘ரீஸ்டார்ட்பிரிவென்ட்எக்ஸிட்ஸ்டேட்டஸ்’ என்பதை 2 என்று அமைத்துவிடுவது நல்லது.

நிரல் சி மொழியில் இருந்தால்

பொத்தான்களைக் கவனிக்கும் பழைய நிரல்கள் பல சி மொழியில் எழுதப்பட்டவை. அங்கே ‘கெட்ஆப்ட்_லாங்’ என்னும் செயற்கூறு ஆர்க்பார்ஸின் இடத்தில் இருக்கும். விருப்பத்தேர்வுகளின் அட்டவணையில் ஒரு வரிசையைச் சேர்த்து, மதிப்பு கட்டாயம் என்பதற்கு ‘ரிக்வயர்ட்_ஆர்க்யுமென்ட்’ என்று குறித்து, கீழேயுள்ள ‘சுவிட்ச்’ பகுதியில் அதற்கொரு ‘கேஸ்’ எழுத வேண்டும். அட்டவணையின் கடைசி வரிசை எல்லாம் பூச்சியமாக இருக்க வேண்டும். புதிய வரிசையை அதற்கு மேலேதான் சேர்க்க வேண்டும், கீழே சேர்த்தால் அது நிரலின் கண்ணில் படாது. மதிப்பு ‘ஆப்ட்ஆர்க்’ என்னும் மாறியில் சரமாக வரும். அதை எண்ணாக்க ‘ஏடூஎஃப்’ செயற்கூற்றைப் பயன்படுத்தாதீர்கள். ‘ஐந்து’ என்று தட்டினால் அது பிழை எதுவும் சொல்லாமல் பூச்சியத்தைத் திருப்பித் தரும், பூச்சிய விநாடி என்றால் இந்த நிரலில் என்னவாகும் என்பதை மேலே பார்த்தோம். ‘எஸ்டிஆர்டூடி’ செயற்கூறு, எண் எந்த இடத்தில் முடிந்தது என்பதையும் சொல்லும். சரத்தில் ஓர் எழுத்தாவது எண்ணாகப் படிக்கப்பட்டதா, சரத்தின் முடிவுவரை படிக்கப்பட்டதா என்ற இரண்டையும் சோதித்தபின் எல்லைச் சோதனைக்குப் போகலாம்.

நேரத்தைப் போலவே பின் எண்ணையும் விருப்பத்தேர்வாக்கிவிடலாமே என்று இவ்வளவு தூரம் வந்தவருக்குத் தோன்றுவது இயல்பு. அதில் நியாயம் இருக்கிறது: ஐ2சி என்னும் இருகம்பி இணைப்பு வழியாக ஒரு சென்சாரை இணைத்திருப்பவருக்கு ஜிபிஐஓ 3 அந்த வேலைக்குப் போய்விடும், பொத்தானை 17க்கோ 27க்கோ மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பின்னை மாற்றினால் அணைக்கும் வேலை மட்டும் நடக்கும், எழுப்பும் வேலை நடக்காது என்பதை உதவிக் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். மேலும் அதைத் தனி மாற்றமாகச் செய்யுங்கள். நிரல் வேறொருவருடையதாக இருந்து, உங்கள் திருத்தத்தை அவருக்கு அனுப்புவதாக இருந்தால், ஒரு கமிட்டில் (ஒரே தொகுப்பாகச் சேமித்து அனுப்பும் மாற்றத்தில்) ஒரு விருப்பத்தேர்வு, அதற்கான சோதனை, ரீட்மீ கோப்பில் அதற்கான இரண்டு வரி என்று மட்டும் இருக்கட்டும். இடையில் கண்ணில் பட்ட வேறு வரிகளை அழகுபடுத்தும் வேலையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கமிட் செய்தியில் முதல் வரியாக என்ன சேர்த்தீர்கள் என்பதையும், அடுத்த வரியாக, விருப்பத்தேர்வைக் கொடுக்காவிட்டால் முன்போலவே 2 விநாடிதான் என்பதையும் எழுதுங்கள். நிரலைப் பராமரிப்பவர் முதலில் தேடுவது அந்த இரண்டாவது வரியைத்தான்.